சி டிரைவ் எங்கே போனது? விஸ்ட்ரீ, வின்டிர்ஸ்டாட் இரண்டையும் பயன்படுத்திய அனுபவம்

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, எதை அழித்தாலும் கொஞ்ச நாளில் திரும்பவும் நிரம்பிவிடுகிறது என்று யாராவது புலம்பினால் நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் அழிக்காதீர்கள், இடம் எங்கே போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பார்ப்பதற்கு இரண்டு மென்பொருள்கள் போதும். விஸ்ட்ரீ என் லேப்டாப்பில் இருக்கிறது, வின்டிர்ஸ்டாட்டைச் சித்தப்பாவின் டிடிபி கடையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டுமே எதையும் தானாகச் சுத்தம் செய்யாது, வேகத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்லாது, கணினியில் ஆயிரம் பிழை இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் மிரட்டாது. இடத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும், அவ்வளவுதான். எனக்கு அதுதான் வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு பழைய சந்தேகத்தை முடித்துவிடலாம். 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும், 512 வாங்கினால் 476. கடைக்காரர் ஏமாற்றவில்லை, யாரும் எதையும் ஒளித்து வைக்கவும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் வகுத்துவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதிக்கொள்கிறது. இதோடு நம்மூர் வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். கணினி போட்டுத் தருபவர் பெரும்பாலும் சி-க்கு 100 ஜிபி, மிச்சமெல்லாம் டி என்று பிரித்துத் தந்துவிடுவார். டி-யில் நாலு படமும் ஒரு கல்யாண ஆல்பமும் காற்று வாங்கிக்கொண்டிருக்கும், சி மூச்சுத் திணறும். விண்டோஸும், நிறுவும் மென்பொருள்களும், அவை சேர்க்கும் தற்காலிகக் குப்பையும் எல்லாமே வந்து உட்காருவது சி-யில்தான் என்பதால், பிரிக்காமல் ஒரே டிரைவாக விட்டாலே பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை தள்ளிப்போகும். என் லேப்டாப்பில் பிரிக்க விடவில்லை.

சரி, மறைந்திருக்கும் இடம் என்றால் என்ன? என் லேப்டாப்பிலேயே பார்த்தேன். 'திஸ் பிசி'யில் சி டிரைவ் 178 ஜிபி பயன்பாட்டில் என்கிறது. உள்ளே போய்க் கண்ணுக்குத் தெரியும் எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 129. நடுவில் ஏறக்குறைய 49 ஜிபி காணோம். ஆனால் அது தொலைந்து போகவில்லை. சி-யின் முதல் அடுக்கிலேயே விண்டோஸ் சிலவற்றை மறைத்து வைத்திருக்கிறது, மறைந்திருப்பதை நாம் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதால் அது கூட்டலில் சேர்வதில்லை. மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று வியூ மெனுவில் டிக் போட்டாலும் போதாது, 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை' என்று இன்னொரு டிக் ஃபோல்டர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டு 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டரைத் திறக்கப் பாருங்கள், உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். நம் கணினிதான், நமக்கே அனுமதி இல்லை.

விண்டோஸின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். தற்காலிக ஃபைல்களை அங்கிருந்து தைரியமாக அழிக்கலாம். ஆனால் 'மற்றவை' என்று ஒரு தலைப்பு வைத்து அதற்குள் பெரிய ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, என்ன ஏது என்று கேட்டால் ஃபோல்டர் பெயர்களை மேலோட்டமாகக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கு மேல் தோண்ட வேறு கருவி வேண்டும்.

இங்கேதான் விஸ்ட்ரீ வருகிறது. நியூசிலாந்தின் ஆன்டிபாடி சாஃப்ட்வேர் வெளியிடுவது. இதன் வேகத்தை முதல் முறை பார்ப்பவர்கள் ஏதோ தவறாக ஓடிவிட்டது என்றே நினைப்பார்கள். ஸ்கேன் அழுத்திவிட்டு நிமிர்வதற்குள் என் எஸ்எஸ்டி முழுவதையும் கணக்கெடுத்து முடித்திருந்தது. காரணம் சுலபம். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் எம்எஃப்டி என்று ஒரு அட்டவணை உண்டு. எந்த ஃபைல், என்ன பெயர், எவ்வளவு பெரியது, எந்த ஃபோல்டரின் கீழ் என்பதெல்லாம் அதில் பதிவாகி இருக்கும். மற்றக் கருவிகள் பலவும் ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகின்றன, விஸ்ட்ரீ நேராக ரேஷன் கடைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டிவிடுகிறது. அட்டவணையை நேரடியாகப் படிப்பதால்தான் அனுமதி இல்லை என்று விண்டோஸ் கதவைச் சாத்தும் ஃபோல்டர்களின் அளவும் தெரிகிறது. அதற்கு அட்மின் உரிமை வேண்டும், திறக்கும்போது கேட்கும், கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இதுவும் கதவு தட்டும் வேலைக்குத் திரும்பிவிடும். பென் டிரைவ், நெட்வொர்க் டிரைவ், எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் உள்ள வெளி டிஸ்க் எல்லாவற்றிலும் அதே கதைதான். அங்கே பெரிய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

திரை எப்படி இருக்கும் என்றால், மேலே இடப்பக்கம் ஃபோல்டர் பட்டியல், பெரியது முதலில். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று ஒரு பட்டை, அப்புறம் சைஸ் (ஃபைலின் அளவு), அலொகேட்டட் (டிஸ்க்கில் உண்மையில் பிடித்திருக்கும் இடம்) என்று இரண்டு எண். வலப்பக்கம் ஃபைல் வகைகள். கீழே முழு அகலத்துக்கும் வண்ணக் கட்டங்கள், கட்டம் எவ்வளவு பெரிதோ ஃபைலும் அவ்வளவு பெரிது. கட்டத்தைத் தொட்டால் மேலே பட்டியலில் அந்த ஃபைல் போய் நிற்கும். இதில் புதியவர்கள் பார்க்காமல் விடுவது அந்த இரண்டாவது எண்ணைத்தான். ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஃபைல் 4 ஜிபி என்று சைஸில் இருக்கும், அலொகேட்டட்டில் பூஜ்யம் இருக்கும். அது மேகத்தில், அதாவது கிளவுடில் இருக்கிறது, உங்கள் டிஸ்க்கில் இல்லை, அதை அழித்து ஒரு எம்பி கூட மிச்சமாகாது, மேகத்திலிருந்தும் போய்விடும். இடத்தைத் தேடுகிறவர் அலொகேட்டட்டைப் பார்க்க வேண்டும்.

என் 49 ஜிபி எங்கே இருந்தது? ஹைபர்ஃபில்.சிஸ் 6.3. கணினியை ஹைபர்னேட் செய்யும்போது ராமில் உள்ளதை எழுதி வைக்கும் ஃபைல் அது. விண்டோஸ் 10, 11-இல் ராமின் அளவில் 40 சதவீதத்தை வழக்கமாக எடுத்துக்கொள்ளும், என்னிடம் 16 ஜிபி ராம், கணக்கு சரியாக வந்தது. பேஜ்ஃபைல்.சிஸ் 9. ராம் போதாதபோது விண்டோஸ் சாய்ந்துகொள்ளும் இடம், அதை அப்படியே விட்டுவிட்டேன், அதைச் சுருக்கி ராம் குறைவான கணினியில் புரோகிராம்கள் பாதியில் சாவதைப் பார்த்திருக்கிறேன். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் 16. அனுமதி இல்லை என்று கதவைச் சாத்தியதே, அதுதான். உள்ளே இருப்பவை ரெஸ்டோர் பாயிண்டுகள், ஏதாவது கெட்டுப்போனால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவுபவை. இதைக் கையால் அழிக்கக் கூடாது, அழிக்கவும் தேவையில்லை. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் என்று தேடித் திறந்து கான்ஃபிகர் அழுத்தினால் எத்தனை சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நகர்த்தி இருக்கும், அதைக் குறைத்தால் பழைய பாயிண்டுகள் தானாகவே போய்விடும்.

மீதி 17 ப்ரோக்ராம்டேட்டா. இதுவும் மறைந்த ஃபோல்டர்தான், மென்பொருள்கள் பொதுவாகக் கொட்டி வைக்கும் இடம். இங்கேதான் ரசமான ஒன்று சிக்கியது. ஒரு அச்சு எந்திரத்துக்காக எப்போதோ நிறுவிய மென்பொருள், எந்திரம் வீட்டை விட்டுப் போனபிறகும், 'எந்திரத்தைக் காணவில்லை' என்று நொடிக்குப் பல வரியாக எழுதி எழுதி ஒரே ஒரு லாக் ஃபைலை 11 ஜிபிக்கு வளர்த்து வைத்திருந்தது. வெறும் எழுத்து, 11 ஜிபி. கீழே கட்டங்களில் பார்த்தபோது பெரிய ஒற்றைக் கட்டமாக அது மட்டும் தனியாகத் தெரிந்தது, ஏதோ படம் என்றுதான் நினைத்தேன். லாக்கை மட்டும் அழித்தால் நாளைக்குத் திரும்ப எழுத ஆரம்பித்துவிடும், ஆகவே அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு அப்புறம் ஃபைலை அழித்தேன். கொஞ்ச நாளில் திரும்ப நிரம்பும் சி டிரைவ்களில் பலவற்றுக்குக் காரணம் இந்த மாதிரி விடாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும், சுத்தம் செய்யும் மென்பொருள் இதைக் கண்டுகொள்வது அபூர்வம்.

அந்த 49-க்கு வெளியே, யூசர்ஸ் ஃபோல்டருக்குள், இன்னொன்றும் இருந்தது. அக்கா தன் பழைய ஐபோனை ஐடியூன்ஸ் வழியாக இதில் பேக்கப் எடுத்திருந்தாள். ஆப்டேட்டாவின் அடியில் மொபைல்சிங்க் என்ற ஃபோல்டருக்குள் 38 ஜிபி. திறந்து பார்த்தால் இரண்டிரண்டு எழுத்தில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் வரிசையாக, அவற்றுக்குள் எக்ஸ்டென்ஷன் கூட இல்லாத ஃபைல்கள். படம் என்றும் தெரியாது, வாட்ஸ்அப் என்றும் தெரியாது, எந்தத் தேடலிலும் சிக்காது. அக்காவிடம் அந்த ஃபோனைப் பற்றிக் கேட்டேன், அது போய் வருஷமாகிவிட்டது, படமெல்லாம் புதியதில் இருக்கிறது என்றாள். ஐடியூன்ஸிலேயே ப்ரெஃபரன்சஸில் டிவைசஸ் என்று போய் அந்த பேக்கப்பை நீக்கலாம், அதுதான் ஒழுங்கான வழி.

ஹைபர்ஃபில்லை நீக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபைலை அழிக்க விடாது, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து ஹைபர்னேட்டை அணைத்தால் ஃபைல் தானாகவே போய்விடும். ஆனால் அதோடு கணினியை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும். டெஸ்க்டாப் என்றால் யோசிக்காமல் அணைக்கலாம், லேப்டாப்பில் நான் விட்டு வைத்திருக்கிறேன்.

கட்டத்தில் பெரிதாகத் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாதவை உண்டு, விஸ்ட்ரீ இதை உங்களுக்குச் சொல்லாது, அதனால் நான் சொல்கிறேன். விண்டோஸுக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்த ஃபோல்டர். பழைய குப்பை மாதிரிதான் இருக்கும். அதை அழித்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாலு மாதம் கழித்து ஆபிஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது மூல ஃபைல் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அடுத்து வின்எஸ்எக்ஸ்எஸ், விண்டோஸ் தன் சொந்தப் பாகங்களை வைத்திருக்கும் ஃபோல்டர். இதன் அளவைப் பார்த்துப் பயப்படாதவர் குறைவு, ஆனால் அதில் உள்ளவற்றில் கணிசமான பங்கு ஹார்டு லிங்க். அதாவது ஒரே ஃபைல் இரண்டு ஃபோல்டரில் பெயர் வைத்திருக்கும், டிஸ்க்கில் ஒரு இடம்தான் பிடிக்கும், எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை கூட்டிவிடும். முந்தைய விண்டோஸை எடுத்து வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழிக்கலாம், பத்திலிருந்து பதினொன்றுக்கு மாறியவர்களிடம் பெரிய அளவில் இருக்கும், ஆனால் அது இருந்தால்தான் பழையதற்குத் திரும்ப முடியும், அதற்குக் கெடு பொதுவாக 10 நாள். அழிப்பதென்றால் ஸ்டோரேஜ் பக்கத்தில் தற்காலிக ஃபைல்களில் போய் அழியுங்கள், கையால் இழுத்துக் குப்பையில் போட வேண்டாம்.

இனி வின்டிர்ஸ்டாட். இந்த வண்ணக் கட்ட யோசனையின் பிறப்பே நிரம்பிப்போன டிஸ்க்கில்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1990 வாக்கில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் 80 எம்பி ஹார்டு டிஸ்க் ஒன்றை 14 பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள், டிஸ்க் நிரம்பிவிட்டது, யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, அதைப் பார்ப்பதற்காக அவர் யோசித்ததுதான் ட்ரீமேப். அந்த முழு டிஸ்க்கும் இன்றைக்கு ஒரு கைப்பேசி செயலிக்குக் கூடப் போதாது. லினக்ஸில் இதே வேலையைச் செய்த கேடிர்ஸ்டாட்டைப் பார்த்து விண்டோஸுக்காக எழுதியதுதான் வின்டிர்ஸ்டாட். ஸ்கேன் ஓடும்போது ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு மஞ்சள் பேக்மேன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு போகும், பழைய ஹார்டு டிஸ்க்கில் அது ஓடி முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். 2007-இல் வந்த 1.1.2 பதிப்புக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது, 2024-இல் 2.0 வந்ததும் உயிர் வந்தது. இப்போது பழையதைவிட நல்ல வேகம், பெரிய ஃபைல்களுக்குத் தனித் தாவல், நகல் ஃபைல்களைக் கண்டுபிடிக்கும் வசதி எல்லாம் இருக்கிறது.

சித்தப்பாவின் கடைக் கணினியில் இதைத்தான் ஓட்டினேன். சர்வீஸ் செய்ய வந்தவர் 'ஃபார்மட் போட்டுடலாம், இல்லைன்னா ஒரு டிபி டிஸ்க் மாத்திடுங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸ்கேன் முடிந்து கட்டங்கள் வந்ததும் முக்கால் திரை ஒரே நிறம், வகைப் பட்டியலில் பார்த்தால் சிடிஆர், அதாவது கோரல்டிரா ஃபைல்கள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம். கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது எல்லாக் கட்டமும் ஜோடி ஜோடியாக இருந்தது, அளவு ஏறக்குறைய ஒன்றே, பக்கத்துப் பக்கத்தில். கோரல்டிரா ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய வடிவத்தை 'பேக்கப் ஆஃப்' என்று பெயர் வைத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடும், ட்ரீமேப் அளவு வாரியாக அடுக்குவதால் அசலும் நகலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பட்டியலில் பார்த்திருந்தால் இது இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது.

"டேய், எல்லாம் கஸ்டமர் வேலைடா, எதையும் அழிச்சிடாதே. கல்யாணத்துக்கு அடிச்ச பார்ட்டி வளைகாப்புக்கும் அதே பார்டர்தான் வேணும்னு வந்து நிப்பாங்க" என்றார் சித்தப்பா.

"அழிக்கல சித்தப்பா. பேக்கப் ஆஃப்னு இருக்கறதை மட்டும், அதுவும் போன வருஷத்துக்கு முந்தினதை மட்டும், வெளி டிஸ்க்குக்கு மாத்தறேன்."

"அந்த பேக்கப்பே வராம பண்ண முடியாதா?"

முடியும், கோரலின் ஆப்ஷன்ஸில் சேமிக்கும்போது பேக்கப் எடுக்காதே என்று டிக்கை எடுத்துவிடலாம். ஆனால் கரன்ட் போகும்போது யுபிஎஸ் கீச்சிடும் நேரத்தில் அவசரமாகச் சேமித்து ஃபைல் கெட்டுப்போனால் அந்த நகல்தான் காப்பாற்றும் என்று சொன்னதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார். டிஸ்க் மாற்றவில்லை, ஃபார்மட்டும் போடவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. விஸ்ட்ரீயில் நன்கொடை கேட்கும் இடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அது பரவாயில்லை. எனக்குப் பயம் தருவது அதற்குள்ளேயே டெலீட் அழுத்த முடிவதுதான். அட்மின் உரிமையோடு ஓடும் மென்பொருள், எதிரே பெரிய கட்டம், விரல் பக்கத்தில் டெலீட் பட்டன். நான் பார்ப்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, நீக்க வேண்டியதை அந்தந்த மென்பொருளில் போய் நீக்குகிறேன். லினக்ஸ் துணை அமைப்போ விர்ச்சுவல் மெஷினோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறை: விஎச்டிஎக்ஸ் என்று, ஒரு முழு டிஸ்க்கையே உள்ளே அடக்கிய ஒற்றை ஃபைலாக, ஒரு மலை தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்று இரண்டாலும் காட்ட முடியாது. உள்ளே ஃபைலை அழித்தாலும் அந்த மலை தானாகச் சிறுக்காது, தனியாகச் சுருக்க வேண்டும். வின்டிர்ஸ்டாட்டைச் சாதாரணமாக ஓட்டினால் சில ஃபோல்டர்களின் கணக்கு வராது, அதையும் அட்மினாகத் திறப்பதே நல்லது. இரண்டிலுமே தமிழ் இடைமுகம் வைத்து நான் ஓட்டவில்லை, சித்தப்பாவுக்கு எந்த நிறம் எது என்று ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவைப் பார்க்கலாம், லினக்ஸில் ஃபைல்லைட்டோ பாவோபாபோ பெரும்பாலும் கையெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

எதை எடுப்பது? வீட்டுக் கணினி என்றால் விஸ்ட்ரீ, சந்தேகமே இல்லை, வேகத்துக்காகவே. நிறுவ வேண்டாத போர்ட்டபிள் வடிவம் இருக்கிறது, பென் டிரைவில் போட்டுக்கொண்டால் உறவினர் வீட்டிலும் உதவும். ஆனால் அது இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், கடையோ அலுவலகமோ என்றால் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். வின்டிர்ஸ்டாட் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம், கடையில் அதைப் போட்டதற்குக் காரணம் அதுதான். இறக்கும்போது தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். விஸ்ட்ரீக்கு டிஸ்க்அனலைசர்.காம்தான் அதிகாரப்பூர்வத் தளம், வேறு பெயரில் வரும் 'இலவச டவுன்லோட்' தளங்களில் கூடவே என்னென்ன ஏறும் என்று சொல்ல முடியாது, அப்புறம் அவற்றைத் தேடிப் பிடிக்கத் தனி வேலை.